முதுகைக் காட்டிப் பார்க்கவும்

"சார், இந்தப் பலகையை நம்பி மூணாவது தடவையா போயிட்டு வரேன்," என்றார் பெட்டிக்காரர். "மூணு தடவையும் கால்வாய்தான் வருது. மியூசியம் வரவே இல்ல."

காலை எட்டரை மணி, ரயில் நிலைய வாசல். சுவரோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த டெம்பரரி, பாதி டீயை வாய்க்கும் மீதியைச் சட்டைக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சக்கரம் வைத்த பெரிய பெட்டியோடு நடுத்தர வயது ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு சக்கரத்தில் ஈரச் சேறு அப்பியிருந்தது.

டெம்பரரிக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. நகராட்சியின் பாதசாரி வழிகாட்டிப் பிரிவில் ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியர் என்பதால், மேலிருந்து கீழ்வரை அத்தனை பேருக்கும் அவர் டெம்பரரிதான். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் யாரையும் கேட்காமல், காலாலேயே ஊரைச் சுற்றிப் பார்க்கும்படி வரைபடப் பலகையும் அம்புக்குறிக் கம்பமும் வைப்பது அவர் வேலை. பயப்படுவது உபதொழில். லிஃப்டில் ஏறப் பயம், மேலதிகாரி இருமினால் பயம், பெண்டாட்டி இருமாவிட்டாலும் பயம்.

"கால்வாயா? கால்வாய் எப்படி சார் வரும்?" என்றார். "பலகையில வலது பக்கம்னு போட்டிருக்கே. வலது பக்கம் திரும்பினா மெயின் ரோடு."

"நானும் வலது பக்கம்தான் சார் திரும்பினேன். இதோ பாருங்க." பெட்டிக்காரர் பலகையைப் பார்த்து நின்று வலது கையை நீட்டினார்.

கை கால்வாய்ப் பக்கம் நீண்டது.

டெம்பரரி பலகையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு எதிரே, தெருவின் நடுத்திட்டைப் பார்த்தார். அந்த வரைபடம் ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறவர் பார்ப்பதற்காக வரைந்தது. எதிரே நடுத்திட்டில் நட வேண்டிய பலகை. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நிழல் இருக்கிறதே என்று ஸ்டேஷன் சுவரிலேயே அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது பார்க்கிறவர் ஸ்டேஷனைப் பார்த்து நிற்கிறார். படத்தில் வலம் என்றால் தரையில் இடம். 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' என்ற சிவப்புப் புள்ளியைத் தவிர அந்தப் பலகையில் எதுவுமே உண்மை இல்லை. அதுவும் அரை உண்மைதான்.

பலகை மட்டும் என்றால் பரவாயில்லை. அதைப் பார்த்துத்தான் அதே ஆட்கள் ஐந்து அம்புக்குறிக் கம்பங்களையும் நட்டிருந்தார்கள். ஐந்தும் கால்வாய்ப் பக்கம்.

"அப்புறம் எதுக்கு சார் திரும்பி வந்தீங்க? அம்பைப் பாத்துட்டே போயிருக்கலாமே?" என்றார், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"ரெண்டாவது அம்பு தாண்டினா படிக்கட்டு சார். இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு யாரு இறங்கறது?"

பலகை தப்பாக இருப்பது அல்ல டெம்பரரியின் பயம். அவர் பயம், அலுவலகக் கோப்பில் இருந்த ஒரு காகிதம். 'மேற்கண்ட வழி முழுவதையும் நானே நடந்து பார்த்துச் சரி என உறுதி அளிக்கிறேன்' என்று அச்சடித்த காகிதம். அதன் அடியில் அவர் கையெழுத்து. அன்றைக்குக் காலில் ஆணி. செருப்பே போட முடியவில்லை. ஐந்து கம்பம்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடந்து பார்த்துவிட்டார்.

இன்று பதினொரு மணி ரயிலில், ஊர் ஊராக நடந்து பார்த்து மதிப்பெண் போடும் குழு வருகிறது.

குழுவில் மூன்று பேர். முகம் யாருக்கும் தெரியாது. சாதாரணப் பயணிகள் போல இறங்கி, பலகைகளை மட்டும் பார்த்து, ஸ்டேஷனிலிருந்து மியூசியம்வரை நடப்பார்கள். யாரையும் வழி கேட்க மாட்டார்கள். நகராட்சி ஆள் யாராவது குறுக்கே புகுந்து வழி சொன்னால் மதிப்பெண் பூஜ்யம். பிரிவின் தலைமைப் பொறியாளர் அம்மா முந்தாநாள் அவரை அறைக்குள் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லியிருந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினாலே யாருக்கோ வேலை போகிறது என்று அர்த்தம்.

"தேறிட்டா உங்களை நிரந்தரம் பண்ண நானே எழுதறேன். வழி தப்பினாங்கன்னா பிரிவையே மூடிடுவாங்க. இந்த மாசத்தோட உங்க வழியை நீங்க பாத்துக்க வேண்டியதுதான்."

ஏழு வருடம். கல்யாணத்தின்போது "ஆறே மாசத்துல நிரந்தரம்" என்று மாமனாரிடம் சொன்ன வாய்ச்சொல்லுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. இனி எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசற்படி ஏறுவது?

"சார், வேர்த்துக் கொட்டுதே. உக்காருங்க," என்றார் பெட்டிக்காரர்.

"உக்காந்ததாலதான் சார் இவ்வளவும்," என்றார் டெம்பரரி.

*

பலகையைக் கழற்றுவதுதான் நேர்வழி. ஆனால் அதற்கான ஸ்பானர் பண்டகசாலையில் இருந்தது. பண்டகசாலைக்காரர் பத்தரை மணிக்கு வருவார். வந்தால் கோரிக்கைப் படிவம் கேட்பார். படிவத்தில் காரணம் எழுத வேண்டும். என்ன காரணம் எழுதுவது? 'நடக்கவில்லை' என்றா?

யோசித்தார். ஒருவர் இந்தப் பலகைக்கு முதுகைக் காட்டி நின்றால் வலம் வலமாகவும் இடம் இடமாகவும் ஆகிவிடுகிறது அல்லவா? கணக்கு சரியாக இருந்தது. பயந்தவனுக்கு வரும் யோசனை எல்லாம் கணக்கில் சரியாகத்தான் இருக்கும். டீக்கடையில் ஒரு அட்டையும் மார்க்கர் பேனாவும் வாங்கி, எழுதிப் பலகையின் மேல் ஒட்டினார்.

'இந்த வரைபடத்தை முதுகைக் காட்டி நின்று பார்க்கவும்.'

பத்து நிமிடத்தில் ஸ்டேஷன் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தை ஒடித்துப் பின்னால் திரும்பிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார்கள். ஒரு தம்பதி, மனைவி முன்னால் பார்த்து நிற்க, கணவன் பலகையைப் படித்து அவள் காதில் சொல்வது என்று ஏற்பாடு செய்துகொண்டு, இரண்டாவது வாக்கியத்திலேயே சண்டையை ஆரம்பித்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பெண் மொபைலை முகத்துக்கு நேராகத் தூக்கி, செல்ஃபி எடுக்கிற மாதிரி அதற்குள் பலகையைப் பார்த்தாள். படம் இடவலம் மாறித் தெரிந்ததால் அவளும் கால்வாய்ப் பக்கமே போனாள்.

"ஏங்க, ஏதாவது வேண்டுதலா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர்.

டெம்பரரி அட்டையைக் கிழித்து எடுத்தார். மணி ஒன்பதேகால். மூளை வேலை செய்ய மறுத்ததால் மைத்துனனைக் கூப்பிட்டார்.

மைத்துனன் டாக்ஸி ஓட்டுகிறவன். இந்த ஊரில் அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது. 'எனக்கென்ன தெரியாதா' என்கிற வார்த்தையை மட்டும் அவனிடமிருந்து யாராவது பிடுங்கிவிட்டால் அவன் நல்ல பையன்.

"மாப்ள, ஒரு அவசரம். உங்க அக்கா காதுக்குப் போகக் கூடாது."

"அதுக்குள்ள போயிடுச்சு மாமா. டீக்கடைக்காரர் நம்ம ஸ்டாண்டு ஆளுகிட்ட சொல்லி, அவன் எனக்குச் சொல்லி, நான் அக்காகிட்ட சொல்லிட்டேன். என்ன, ஸ்டேஷன் வாசல்ல ஜனங்களைத் திருப்பி நிக்க வச்சீங்களாமே?"

டெம்பரரி கண்ணை மூடித் திறந்தார். விஷயத்தைச் சொன்னார். அம்புக்குறிக் கம்பங்கள் குழாய்க்குள் செருகினவை. அடியில் ஒரு மரைதான். கழற்றினால் கையோடு வந்துவிடும். ஐந்தையும் கால்வாய்ப் பக்கத்திலிருந்து பிடுங்கி, மியூசியத்துக்குப் போகும் மெயின் ரோட்டு முனைகளில் இருக்கிற காலிக் குழாய்களில் செருக வேண்டும். பதினொரு மணிக்குள்.

"மியூசியத்துக்கு வழி எனக்கென்ன தெரியாதா மாமா? நீங்க அங்கயே நில்லுங்க. பயப்படாதீங்க."

'பயப்படாதீங்க' என்று யார் சொன்னாலும் டெம்பரரிக்குப் பயம் இரண்டு மடங்காகும். இருந்தாலும் நின்றார். டாக்ஸி பறந்தது. பத்து மணிக்கு மைத்துனன் போன் செய்தான்: "முடிஞ்சது மாமா. அஞ்சும் கச்சிதம்."

டெம்பரரிக்கு அன்றைக்கு முதன்முறையாக மூச்சு வந்தது. பெட்டிக்காரரைத் தேடிப் பிடித்து, பலகையைப் பார்க்காமல் மெயின் ரோட்டுப் பக்கமாகப் போய் அம்புகளை மட்டும் தொடரும்படி அனுப்பிவைத்தார். பரிசோதனை என்று ஒன்று வேண்டும் அல்லவா?

பத்து இருபதுக்குப் பெட்டிக்காரர் வந்து சேர்ந்தார். ஸ்டேஷனின் இன்னொரு வாசல் வழியாக.

"என்ன சார், இங்கயே வந்துட்டீங்க?"

"அம்பு இங்கதான் சார் காட்டுது. முதல் அம்பு இடது. ரெண்டாவதும் இடது. மூணாவதும் இடது. நாலாவதும் இடது. அஞ்சாவது அம்பு இதோ, அந்த டாக்ஸி ஸ்டாண்டைக் காட்டுது."

டெம்பரரி போனை எடுத்தபோது விரல் வேறு எண்ணை அழுத்தியது. மூன்றாவது முயற்சியில் மைத்துனன் கிடைத்தான்.

"டேய், என்னடா பண்ணி வச்சிருக்க?"

"மாமா, ரெண்டாவது முனையில வலது பக்கம் திரும்ப முடியாது. அது ஒன்வே. போலீஸ் பிடிப்பாங்க."

"நடந்து போறவனுக்கு எதுக்குடா ஒன்வே?"

பதினைந்து வருட டாக்ஸி வாழ்க்கையில் இந்தக் கோணத்தில் யோசிக்கும் தேவை அவனுக்கு வந்ததில்லை போலிருக்கிறது.

"அது சரி, அஞ்சாவது அம்பு எதுக்கு உங்க ஸ்டாண்டுக்கு வருது?"

"நாலு முனை நடந்தவன் களைச்சுப் போயிருப்பான் மாமா. அதுக்கப்புறம் டாக்ஸியிலதானே போவான்? ஒரு மனிதாபிமானம்தான்."

பெட்டிக்காரருக்கு ஒரு டாக்ஸி ஓட்டுநர் ஏற்கெனவே கதவைத் திறந்து நின்றிருந்தார். பெட்டிக்காரர் அசையவில்லை. "பலகை போட்டிருக்கீங்க இல்ல? நடந்துதான் போவேன். நாள் முழுக்க ஆனாலும் சரி," என்றார். அவர் குரலில் இருந்த உறுதியைப் பார்த்து டெம்பரரிக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்புகளை மறுபடி மாற்ற நேரம் இல்லை. ரயில் ஊதியது.

*

பதினொரு மணி ரயிலிலிருந்து ஐநூறு பேர் இறங்கினார்கள். அதில் மூன்று பேர் ஒன்றாக வெளியே வந்தார்கள். உயரமான பெண் ஒருவர் கையில் குறிப்பேடு வைத்திருந்தார். தொப்பி போட்ட ஒருவர் வந்ததும் வராததுமாக வாசலையும் சுவரையும் அண்ணாந்து பார்த்தார். மூன்றாமவர் பலகையைப் போட்டோ எடுத்தார்.

குழு. சந்தேகமே இல்லை.

வாய் திறந்து வழி சொன்னால் பூஜ்யம். சொல்லாவிட்டால் மூவரும் ஸ்டேஷனைச் சுற்றி வந்து டாக்ஸி ஸ்டாண்டில் நிற்பார்கள். அப்படியானால் என்ன செய்யலாம்? யாரோ ஒரு சாதாரண ஆள் மியூசியத்துக்குப் போகிறார், அவர் பின்னால் இவர்கள் தாமாகப் போகிறார்கள் என்றால் அது யார் குற்றம்? டெம்பரரி சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையைக் கால்சட்டைப் பையில் ஒளித்தார். யாரையும் கூப்பிடாமலே போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு ஆறடி முன்னால் போய் நடக்க ஆரம்பித்தார்.

"ஆமா, ஆமா! மியூசியத்துக்குத்தான் போறேன்!" என்று கத்தினார். "நடந்துதான்! இப்ப மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பறேன்!"

திரும்பினார். பின்னால் பார்த்தார். மூவரும் அப்படியே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போனார்கள்.

டெம்பரரியும் ஓடிக் கடந்தார். ஒரு பஸ் அவர் சட்டை நுனியை உரசிக்கொண்டு போனது. மறுபடி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது மூச்சிரைத்தது. "வழி தப்பிட்டேன் போல! ஆனா பரவாயில்ல! திரும்பி வந்தா மியூசியம் வந்துடும்! திரும்பிடலாம்!"

மூவரும் வேகம் கூட்டினார்கள். அவரும் கூட்டினார். அவர்கள் ஒரு சந்துக்குள் நுழைந்தார்கள். அது முட்டுச்சந்து என்று தெரிந்ததால், அவர்களுக்கு உதவியாக, சந்து வாயிலில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"அந்தப் பக்கம் போக வேணாம்!" என்று போனில் சொன்னார். "போனா திரும்பி வர முடியாது!"

உள்ளேயிருந்து ஒரு சின்ன அலறல் கேட்டது. குறிப்பேடு வைத்திருந்த பெண் அதை உயர்த்திப் பிடித்தபடி நேராக அவரை நோக்கி ஓடி வந்தார். டெம்பரரி பயந்து விலகினார். மூவரும் அவரைத் தாண்டித் தலைதெறிக்க ஓடினார்கள். குழு ஓடுகிறதே, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால் என்ன ஆவது என்ற பயத்தில் இவரும் பின்னால் ஓடினார். யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்காது. நான்கு முகத்திலும் ஒரே பயம்தான் இருந்தது.

ஓட்டம் போலீஸ் சாவடியில் போய் முடிந்தது.

*

"எதுக்கு அவங்களைத் துரத்தினே?" என்றார் போலீஸ் அம்மா.

"துரத்தல மேடம். வழி காட்டினேன்."

"அவங்க உன்கிட்ட வழி கேட்டாங்களா?"

"கேக்கக் கூடாது மேடம். அதான் விதி."

"நீ சொன்னியா?"

"சொல்லவும் கூடாது மேடம்."

போலீஸ் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். எழுதுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. அந்த மூவரையும் விசாரித்தார். குழுவும் இல்லை, ஒன்றும் இல்லை. பல் டாக்டர்கள். ஏதோ பல் மாநாட்டுக்கு வந்தவர்கள். அவர்கள் தங்கும் விடுதி ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இருந்தது. போட்டோ எடுத்தவர், பலகையில் ஒட்டியிருந்த கிழிந்த அட்டையில் 'முதுகைக் காட்டி' என்று மட்டும் மிச்சமிருந்ததைப் பார்த்து, ஏதோ எச்சரிக்கை என்று நினைத்து எடுத்தாராம்.

டெம்பரரி முகத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் நிஜமான குழு? அதுவும் அதே ரயிலில்தானே வந்திருக்கும்? இந்நேரம் நான்கு இடது திரும்பி, டாக்ஸி ஸ்டாண்டில் நின்று, அறிக்கை எழுதிக்கொண்டிருக்கும்.

உயரமான டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஓடிவந்த கோபம் இறங்கியிருந்தது.

"நீங்க எப்பவும் இப்படித்தான் பல்லை இறுக்கிக் கடிச்சிட்டே இருப்பீங்களா?"

"ஏழு வருஷமா டாக்டர்."

"தேஞ்சுபோயிடும். அப்படி எதுக்குப் பயப்படறீங்க?"

யாரும் இதுவரை அவரிடம் கேட்காத கேள்வி அது. டெம்பரரி எல்லாவற்றையும் சொன்னார். பலகை, கால் ஆணி, கையெழுத்து, மாமனார், மைத்துனன். டாக்டர்கள் புகார் எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தொப்பிக்காரர் பெரிய மனது பண்ணி, ஒரு கடைவாய்ப் பல்லை இலவசமாகவே பார்த்துச் சொன்னார். பிடுங்க வேண்டுமாம்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. அலுவலகத்தில் தபால் பிரிவு அம்மா.

"எங்க சார் இருக்கீங்க? மேடம் உங்களைத் தேடிட்டே இருக்காங்க. குழு விஷயம்தான். மூணரைக்குள்ள வந்துடுங்க."

"என்னம்மா சொல்லியிருக்காங்க?"

"போன்ல சொல்ற விஷயமா சார் அது? நேர்ல வாங்க." பின்னால் யாரோ கூப்பிட, அந்த அம்மா வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். எல்லாம் முடிந்தது. டெம்பரரி நடைபாதை ஓரமாக உட்கார்ந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"வேலை போயிடும் போல இருக்கு," என்றார். "நான் நடக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

மனைவி கேட்டாள்: "காலையில சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"போறது போகட்டும். எங்க அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா அந்தப் பலகையை அப்படியே விட்டுட்டு வராதீங்க. எவனோ பெட்டியைத் தூக்கிட்டு அலையறானாமே, பாவம்."

டெம்பரரி எழுந்தார்.

அதன் பிறகு நடந்தது, அவரது ஏழு வருட உத்தியோகத்தில் நடக்காத ஒன்று. பண்டகசாலையில் போய் நின்று, கோரிக்கைப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'என் தவறு' என்று எழுதினார். பண்டகசாலைக்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஸ்பானரைக் கொடுத்தார். மைத்துனன் டாக்ஸியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்வேயில் எதிர்த்திசையில் நடந்தான். "மாமா, யாரும் பிடிக்கல!" என்று அதிசயப்பட்டான். பெட்டிக்காரர் பெட்டியின் மேல் ஏறி நின்று பலகையைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேருமாகச் சேர்ந்து அதைச் சுவரிலிருந்து கழற்றி, பாதித் தெருவைக் கடந்து, நடுத்திட்டில் நட்டார்கள். ஐந்து அம்புகளையும் சரியான முனைகளில் செருகினார்கள்.

கடைசியாக டெம்பரரி நடந்தார். ஆணி குத்தக் குத்த, நொண்டிக்கொண்டே, ஸ்டேஷனிலிருந்து மியூசியம் முன்வாசல்வரை, ஒவ்வொரு அம்பையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார். மெயின் ரோட்டில் தூசி கண்ணை மறைத்தது. பஸ்கள் காதைக் கிழித்தன. ஒரு மரம்கூட இல்லை. ஆனால் வழி சரியாக இருந்தது. பன்னிரண்டே நிமிடம்.

"வந்துட்டேன் சார்!" என்றார் பெட்டிக்காரர் மியூசியம் வாசலில், இருமிக்கொண்டே. தலை முதல் கால்வரை சாம்பல் நிறமாக இருந்தார்.

டெம்பரரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை போகட்டும். போகிறபோது ஊரில் ஒரு வழியாவது சரியாக இருக்கட்டும். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தோடு நிமிர்ந்து நடக்க முடிந்தது.

*

மூன்று நாற்பதுக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தார். பொறியாளர் அம்மாவின் அறை காலியாக இருந்தது. மேசைமேல் அவர் கண்ணாடி இல்லை. அது நல்லதா கெட்டதா என்று புரியாமல் டெம்பரரி வாசலிலேயே நின்றார்.

தபால் பிரிவு அம்மா கையில் ஒரு நீளமான உறையோடு வந்தார்.

"லேட் பண்ணிட்டீங்களே சார். இந்தாங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க."

இந்த முறை டெம்பரரி, கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பதிவேட்டில் இருந்த வரியை ஒரு எழுத்து விடாமல் படித்தார். பிறகு போட்டார். உறையைக் கிழித்தார். கடிதத்தின் முதல் வரி புரியவில்லை. இரண்டாவது முறை படித்தார். '...ஆகவே தங்களை இப்பணியில் நிரந்தரமாக நியமித்து...'

சுவரைப் பிடித்துக்கொண்டார். மறுபடி படித்தார். எழுத்துகள் ஓடவில்லை, அங்கேயே இருந்தன. ஏழு வருடம் இறுகியிருந்த தாடை தானாகத் திறந்துகொண்டது. உண்மையைச் சொன்னதற்கு, காலில் ரத்தம் வர நடந்ததற்கு, உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது!

"எப்படிம்மா இவ்வளவு சீக்கிரம்?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இப்ப ஒரு மணி நேரம் முன்னாடிதானே எல்லாத்தையும் சரி பண்ணேன்? அதுக்குள்ள குழு நடந்து பாத்துட்டாங்களா?"

"குழு நேத்தே சொல்லாம கொள்ளாம வந்து நடந்துட்டாங்க சார், தூசி இல்லாம, வண்டி இல்லாம, கால்வாய்க் கரை மர நிழல்லயே மியூசியத்துப் பின்வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போற இப்படி ஒரு வழியை எந்த ஊர்லயும் பாத்ததில்ல, ஒரு அம்பைக்கூட அசைக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்துட்டு, அதைக் காட்டத்தான் இப்ப மேடத்தோட சேர்ந்து மந்திரியைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருக்காங்க."